ஹாரோ வீட்டுக் குழு: வெட்டிங் படிவமும் ராபர்ட் மார்க்கும்

சனிக்கிழமை, மாலை 6:12

நான்: எல்லோருக்கும் வணக்கம். லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ், அதாவது மெட் போலீஸ் கான்ஸ்டபிள் நேர்காணலில் தேறிவிட்டேன்! அடுத்தது வெட்டிங், அதாவது பின்னணிச் சோதனை. அப்பா, அம்மா, தம்பி மூவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பழைய முகவரிகள் எல்லாம் கேட்கிறார்கள். தயவுசெய்து குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

தம்பி: அனுப்பிவிட்டேன் அக்கா. வாழ்த்துகள் 🎉🎉

அம்மா: என்னுடையதை வீட்டிலேயே எழுதிக்கொள் கண்ணு. பாஸ்போர்ட் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது.

லெஸ்டர் அத்தை: நம் குடும்பத்தில் முதல் போலீஸ்! ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது அம்மாடி.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: அத்தான், எழுதிவிட்டு ஏன் அழித்தீர்கள்? மனதில் இருப்பதை நேராகச் சொல்லுங்கள்.

அப்பா: சரி, சொல்கிறேன். சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கொன்றவன் யார்? மெட் போலீஸிலேயே வேலை பார்த்தவன். 2021 மார்ச்சில் வாரன்ட் கார்டைக் காட்டி, கைது செய்வதுபோல நடித்து, கைவிலங்கு மாட்டி காரில் ஏற்றிக்கொண்டு போனான். அந்தப் படையில் என் மகள் சேர்வதற்கு நான் பிறந்த தேதி எழுதிக் கொடுக்க வேண்டுமா?

அம்மா: இதை அவளிடம் முன்பே சொல்லியிருக்கலாமே.

சித்தி: அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெட் போலீஸைப் பற்றி 2023 மார்ச்சில் வந்த லூயிஸ் கேசி அறிக்கையை நான் முழுதாகப் படித்தேன். இனவெறி, பெண்வெறுப்பு, தன்பாலினத்தார் மீது வெறுப்பு, மூன்றும் அந்த அமைப்பிலேயே ஊறிக் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறார். பாலியல் வன்கொடுமை வழக்குகளின் மாதிரிகளை வைக்கும் ஃப்ரிட்ஜ்கள் அடைத்துப் பிதுங்கின. ஒன்று பழுதாகி, உள்ளே இருந்த தடயம் வீணாய்ப் போனது. இன்னொன்றில் அந்த மாதிரிகளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் சாப்பாட்டு டப்பா. அப்படிப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் என் வக்கீல் ஆபீஸுக்கு வந்து உட்காரும்போது எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வருகிறது.

நான்: சித்தி, அந்த அறிக்கையை நானும் படித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்.

பெரியப்பா: நான் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். சர் ராபர்ட் மார்க். நான் 1974-இல் லண்டனுக்குப் படிக்க வந்தபோது அவர்தான் மெட் கமிஷனர். 1917-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். கம்பளம் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார், அது சலித்துப்போய் 1937-இல் மான்செஸ்டர் நகரப் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். அவருடைய அப்பாவுக்கும் அது துளியும் பிடிக்கவில்லை, கேட்டாயா? நடுவில் போர் வந்தது, ராணுவத்தில் மேஜர் ஆனார். திரும்பி வந்து அதே போலீஸில் ஒவ்வொரு படியாக ஏறி, 1957-இல் லெஸ்டர் நகரத்துக்கு சீஃப் கான்ஸ்டபிள், அதாவது அந்த ஊர்ப் போலீஸ் தலைவர்.

லெஸ்டர் அத்தை: எங்கள் லெஸ்டரா அண்ணா?

பெரியப்பா: உங்கள் லெஸ்டரேதான். பத்து வருடம் இருந்தார். போக்குவரத்து வார்டன்களை லண்டனுக்கு வெளியே முதன்முதலில் கொண்டுவந்த ஊர்களில் லெஸ்டரும் ஒன்று, அது அவர் காலத்தில் நடந்தது.

தம்பி: அப்புறம் லண்டனுக்கு எப்படி வந்தார்?

பெரியப்பா: 1967-இல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அவரை உதவி கமிஷனராகக் கொண்டுவந்தார். மெட் போலீஸில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. வெளியூர்க்காரன் நமக்கு மேலே வந்து உட்காருவதா என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த வருடம் துணை கமிஷனர். ஆனால் துப்பறியும் பிரிவான சி.ஐ.டி. பக்கம் அவரை நெருங்கவே விடவில்லை. அப்போது துப்பறிவாளர்கள் தனி ராஜ்ஜியம். அவர்கள்மேல் புகார் வந்தால் விசாரிப்பதும் அவர்களேதான்.

சித்தி: இதன் நடுவில்தான் டைம்ஸ் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. 1969 நவம்பர். சட்டக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு வகுப்பு முழுக்க இதைப் பற்றித்தான் நடந்தது. சில்லறைத் திருடன் ஒருவனை மிரட்டித் துப்பறிவாளர்கள் பணம் கேட்பதைப் பத்திரிகைக்காரர்கள் டேப்பில் பதிவு செய்துவிட்டார்கள். அதில் ஒருவர், தான் ஒரு கம்பெனிக்குள் இருக்கும் குட்டிக் கம்பெனியில் இருப்பதாகச் சொல்கிறார். லண்டனில் எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒரு போன் போட்டால் போதும், கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா: பார்த்தீர்களா?

பெரியப்பா: இன்னும் கேள். அந்தச் செய்தியை உள்ளுக்குள் விசாரிக்க யாரைப் போட்டார்கள் தெரியுமா? பில் மூடி என்ற துப்பறிவாளரை. அவரே லண்டன் சோஹோ பகுதியின் ஆபாசப் புத்தகக் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தவர். பறிமுதல் செய்த சரக்கு ஹோல்பர்ன் ஸ்டேஷனின் அடித்தளத்தில் கிடக்கும். கடைக்காரர் ஒருவருக்கு சி.ஐ.டி. டை கட்டிவிட்டு, போலீஸ்காரர்போல உள்ளே அழைத்துப்போய், வேண்டியதைப் பொறுக்கி எடுத்துப்போய் விற்றுக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து மேற்பார்வைக்கு ஃபிராங்க் வில்லியம்சன் என்ற நேர்மையான அதிகாரியை அரசு அனுப்பியது. ஒரு கோப்புகூட அவர் கைக்கு ஒழுங்காக வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெறுத்துப்போய் அவர் வேலையையே விட்டார்.

அம்மா: நல்லவர்களுக்கு இதுதான் நடக்கும் என்றால் இவளுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

பெரியப்பா: அதனால்தான் மார்க்கைப் பற்றிச் சொல்கிறேன். 1972-இல் அவர் கமிஷனர் ஆனார். கான்ஸ்டபிளில் தொடங்கி எல்லாப் பதவியும் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். வந்ததும் துப்பறிவாளர்களின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: லண்டனிலேயே வழக்கமாக லஞ்சம் வாங்கும் அமைப்பு உங்களுடையதுதான், இதை முடித்தே தீருவேன், தேவைப்பட்டால் சி.ஐ.டி. முழுவதையும் சீருடையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். யோசித்துப் பாருங்கள், தன்னை வெறுக்கிற ஆட்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறார்.

பெரியப்பா: சொன்னதோடு நிற்கவில்லை. ஏ10 என்று தனிப் பிரிவு தொடங்கினார். போலீஸ்காரர்கள் மீதான புகாரை இனி அந்தப் பிரிவுதான் விசாரிக்கும். சீருடைக்காரர்களும் துப்பறிவாளர்களும் கலந்து, பொறுக்கி எடுத்த ஆட்கள். டிவிஷன்களில் இருந்த துப்பறிவாளர்களை அங்கிருந்த சீருடை கமாண்டர்களுக்குக் கீழே கொண்டுவந்தார். தனி ராஜ்ஜியம் அதோடு முடிந்தது. அவருடைய ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 500 பேர் வேலையை விட்டுப் போனார்கள். நிறையப் பேர் விசாரணை வருவதற்கு முன்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பி: 500 பேரா!

சித்தி: கொள்ளைக்காரர்களைப் பிடிக்கும் ஃபிளையிங் ஸ்குவாட் பிரிவின் தலைவர் கென் ட்ரூரி கதை இன்னும் மோசம். சோஹோ வியாபாரி ஜிம்மி ஹம்ஃப்ரிஸின் செலவில் சைப்ரஸில் விடுமுறை கழித்தார். 1972-இல் பத்திரிகையில் வெளியானதும், தப்பி ஓடிய ரயில் கொள்ளையன் ரோனி பிக்ஸைத் தேடப் போனேன் என்றார். 1977-இல் அவருக்கு 8 வருடம் சிறை. மூடிக்கு 12.

பெரியப்பா: மார்க் சொன்னதாக ஒரு வாக்கியம் இன்றைக்கும் சொல்வார்கள்: நல்ல போலீஸ் படை என்றால், தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் திருடர்களைவிட அதிகமான திருடர்களைப் பிடிக்க வேண்டும். ஒரு கமிஷனரே இப்படிப் பேசினார் என்பது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். தன் படையில் திருடன் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்ட பிறகுதானே எதையாவது சரிசெய்ய முடியும்?

லெஸ்டர் அத்தை: அண்ணா, பால்கம் தெரு முற்றுகை நடந்தபோது நீங்கள் அந்தப் பக்கம்தானே இருந்தீர்கள்? முன்பு ஒருமுறை சொன்னீர்கள்.

பெரியப்பா: ஆமாம், மேரிலெபோன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். 1975 டிசம்பர். ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின் ஆட்கள் நான்கு பேர் போலீஸ் துரத்தியதில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த கணவன் மனைவியைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். தெருவை அடைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவோம். இவர்களை எங்கேயும் போகவிட மாட்டேன், பேரமும் கிடையாது என்று மார்க் உறுதியாக நின்றார். ஆறாம் நாள், ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை இறங்கப் போகிறது என்று பி.பி.சி.யில் சேதி வந்தது. உள்ளே ரேடியோவில் அதைக் கேட்டவர்கள் சரணடைந்துவிட்டார்கள். பிணையாக இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் முன்னால் நைட்ஸ்பிரிட்ஜ் ஸ்பகெட்டி ஹவுஸ் உணவகத்திலும் அதே வழிதான், அவசரப்படாமல் காத்திருந்தார்கள். அங்கேயும் பிணையாளிகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

மாலை 8:40

சித்தி: பெரிய அத்தான், அவரை நீங்கள் மதிப்பது சரிதான், நானும் மதிக்கிறேன். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்தக் கூடாது. 1973-இல் பி.பி.சி.யில் உரையாற்றும்போது, ஜூரிகள் குற்றவாளிகளை அளவுக்கு மீறி விடுவிக்கிறார்கள், சில வக்கீல்கள் தெரிந்தே பொய்க்குத் துணை போகிறார்கள் என்று பேசினார். பொய் வாக்குமூலம் எழுதிய போலீஸ்காரர்களை அவருக்கே நன்றாகத் தெரியும், அதன் பிறகும் ஜூரியைக் குறை சொன்னார். அதைவிட முக்கியம் அவர் ஏன் வேலையை விட்டார் என்பது. 1976-இல் ஒரு சட்டம் வந்தது, போலீஸ் மீதான புகார்களைப் பார்க்க வெளியாட்கள் கொண்ட வாரியம் வேண்டும் என்று. அதை ஏற்க மாட்டேன் என்று 1977-இல் போய்விட்டார்.

பெரியப்பா: ஒழுங்கு நடவடிக்கை தலைமை அதிகாரியின் கையில் இருந்தால்தான் வலுவாக இருக்கும், வெளியாட்கள் நுழைந்தால் கெட்டவன் தப்பிக்க வழி கிடைக்கும் என்பது அவர் வாதம். அவர் தூக்கிய அளவுக்கு எந்த வாரியமும் ஆட்களைத் தூக்கவில்லையே?

சித்தி: அவர் இருந்தவரைக்கும் சரி. அவர் போன மறுவருடமே கன்ட்ரிமேன் விசாரணை வந்தது. லண்டன் துப்பறிவாளர்களை விசாரிக்க வெளி மாவட்டமான டார்செட்டிலிருந்து போலீஸ் ஆட்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் நடந்து, பல லட்சம் பவுண்டு கரைந்து, கடைசியில் தண்டனை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு நல்ல கமிஷனரின் கையிலேயே எல்லாம் இருந்தால், அவர் கிளம்பும்போது அதுவும் கூடவே கிளம்பிவிடுகிறது. இன்றைக்குப் போலீஸ் மீதான புகார்களைப் பார்க்க ஐ.ஓ.பி.சி. என்று தனி அமைப்பு இருக்கிறது. குறை நிறைய உண்டு, ஆனால் அதுவும் இல்லாவிட்டால் என் கட்சிக்காரர்கள் யாரிடம் போவார்கள்?

பெரியப்பா: இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் அவர் பிடிவாதம் பிடித்தார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அவ்வளவு அழுக்கைக் கையால் அள்ளியவர், தனக்குப் பின்னால் வருகிறவர் அள்ளாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கலாம்.

அப்பா: நீங்கள் இருவரும் கமிஷனர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இவள் கமிஷனராகப் போகவில்லை, கான்ஸ்டபிளாகப் போகிறாள். நாளைக்கு உடன் இருக்கும் ஒருவன் தப்பு செய்வதைப் பார்த்து இவள் சொன்னால், இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? 2022-இல் சாரிங் கிராஸ் ஸ்டேஷன் அறிக்கை வந்ததே. அங்கே போலீஸ்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிய கேவலமான மெசேஜ்களை எல்லாம் வேடிக்கைப் பேச்சு என்றார்கள். எதிர்த்துக் கேட்டவர்களை ஒதுக்கினார்கள் என்று அதிலேயே இருக்கிறது.

நான்: அப்பா, நேர்காணலில் என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். உடன் வேலை செய்பவர் தவறு செய்வதைப் பார்த்து என்ன செய்தீர்கள், உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று.

அம்மா: என்ன சொன்னாய்?

நான்: இப்போது வேலை செய்யும் இடத்தில் நடந்ததைச் சொன்னேன். மேலாளர் ஒருவர் இரவு ஷிஃப்ட் பெண்களின் மணிக்கணக்கைக் குறைத்து எழுதினார் இல்லையா, அது. ஷிஃப்ட் அட்டவணைத் தாளையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து, மேலே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. அப்பாவுக்குத் தெரியும், தினமும் ராத்திரி அழைத்துப் போக வந்தவர் அவர்தான்.

அப்பா: தெரியும்.

நான்: பெரியப்பா சொன்ன கதையில் எனக்குப் பிடித்தது கமிஷனர் இல்லை, ஏ10-இல் போய் உட்கார்ந்த ஆட்கள்தான். கேன்டீனில் மற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று தெரிந்தே போயிருப்பார்கள். இன்றைக்கும் அப்படி ஒரு பிரிவு மெட்டில் இருக்கிறது, இப்போது பெயர் வேறு. இரண்டு வருடப் பயிற்சிக் காலம் முடிந்ததும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. சித்தி, அங்கிருந்து நான் அனுப்பும் கோப்பு ஐ.ஓ.பி.சி.க்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குச் சம்மதம்தானே?

சித்தி: சம்மதம். ஆனால் நீ எழுதும் ஒவ்வொரு அறிக்கைக்கும் தேதி போட்டு, உன் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள். யார் என்ன சொன்னாலும் அதை விடாதே. படிவத்தை அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை காட்டு. பழைய முகவரிகளில் இடைவெளி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

பெரியப்பா: அந்தக் காலத்துப் பத்திரிகை நறுக்குகள் கொஞ்சம் என் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, முற்றுகை நடந்த வாரத்தினுடையது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.

லெஸ்டர் அத்தை: நானும் வருகிறேன். யாரும் சமைக்காதீர்கள், பிரியாணி என் பொறுப்பு.

இரவு 10:55

அப்பா: எனக்கு இன்னும் பயம்தான், அதை மறைக்கவில்லை. என் விவரத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன் ஈலிங்கில் இருந்த வீட்டின் போஸ்ட்கோடு மட்டும் ஞாபகம் இல்லை. அண்ணா, அந்த வீட்டு வாடகை ஒப்பந்தம் உங்களிடம்தானே இருக்கிறது?

பெரியப்பா: அதே அட்டைப்பெட்டியில்தான். காலையில் பார்த்துச் சொல்கிறேன்.