காலி கன்டெய்னருக்குக் காத்திருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்க

திருப்பூர், ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் பிரிவு:

போன சீசனில் ஐரோப்பிய பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் அனுப்பினோம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிந்து கார்ட்டன்கள் அடுக்கி வைத்தாயிற்று. லோடு ஏற்ற ஆட்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். கன்டெய்னர் மட்டும் வரவில்லை. காலிப் பெட்டி தூத்துக்குடியிலிருந்து வரவேண்டும். யார்டில் பெட்டி இல்லை என்று இழுத்தடித்து, அது வந்து சேர்ந்தபோது மறுநாள் மதியம். அவசரமாக ஏற்றி, சீல் போட்டு அனுப்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் என்று டிரைவர் அண்ணன் சாப்பிடக்கூட சரியாக நிற்காமல் ஓட்டினார். அப்படியும் கேட் கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் பெட்டியை உள்ளே விடும் கடைசி நேரம், தாண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வண்டி போய் நின்றது.

இரண்டு மணி நேரம்தானே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தூத்துக்குடியில் நம் சரக்கு பெரும்பாலும் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறிக் கொழும்பு போகும். அங்கேதான் மதர் வெசலுக்கு, அதாவது தூர தேசம் போகும் பெரிய கப்பலுக்கு மாறும். மதர் வெசல் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். ஆக, இங்கே இரண்டு மணி நேரம் தவறினால் அங்கே ஒரு வாரம் போய்விடுகிறது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் பயணமே பத்து நாளுக்கு மேல் கூடியிருந்தது. கையில் மிச்சம் இருந்த நாட்கள் அதிலேயே தீர்ந்துவிட்டன. பையர் ஏரில் அனுப்பச் சொன்னார். பாதிச் சரக்கு விமானத்தில் போனது, செலவு எங்களுடையது. அந்த ஆர்டரில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏற்றுமதியில் போட்டி போட வேண்டும் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு வேகத்தைவிட நிச்சயம் முக்கியம். யூனிட் வாசலிலிருந்து கப்பல் ஏற ஐந்து நாள் ஆகும் என்றால் ஆகட்டும், ஒவ்வொரு முறையும் ஐந்தே ஆகட்டும். ஒரு தடவை மூன்று, இன்னொரு தடவை எட்டு என்றால் நான் எட்டுக்குத்தான் திட்டம் போட முடியும். அந்தக் கூடுதல் நாட்களை எங்கே பிடிப்பது? துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் பிடிக்க முடியாது, துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பேக்டிங்கில் முடியாது. கடைசியில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரர் தலையில்தான் கட்டுகிறோம். பெருமாநல்லூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டும் அக்கா நடு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறார் என்றால், கடற்கரையில் எங்கேயோ விழும் தாமதமும் அதற்கு ஒரு காரணம். இது யார் கணக்கிலும் வருவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்பெல்லாம் எக்சைஸ் அதிகாரி யூனிட்டுக்கு வந்து பார்த்துச் சீல் வைத்தால்தான் கன்டெய்னர் நகரும், அவருக்காக வண்டி காத்துக் கிடக்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மின்னணு சீலை நாமே போட்டு அனுப்புகிறோம். உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில் இந்தியா 2018இல் 44ஆவது இடத்தில் இருந்து 2023இல் 38க்கு வந்திருக்கிறது. ஆனால் நம்மோடு போட்டி போடும் வங்கதேசம் பல வருடங்களாக ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் ஆடை அனுப்பிக்கொண்டிருந்தபோது நாம் வரி கட்டித்தான் அனுப்பினோம். வரியைத் திருப்பூரில் உட்கார்ந்து நாம் மாற்ற முடியாது. காலிப் பெட்டியை நேரத்துக்கு வரவைப்பது முடிகிற காரியம். இங்கிருந்து போகும் சரக்கு அதிகம், பெட்டியில் வரும் சரக்கு குறைவு, அதனால் பெட்டி இங்கே தங்குவதில்லை. இருகூரிலும் திருப்பூரிலும் இருக்கும் உள்நாட்டு டிப்போக்களில் சீசனுக்கு முன்பே காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சங்ககிரி, லாரி உரிமையாளர்:

தம்பி சொல்வது சரிங்க, வண்டிக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் நின்ற காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் லாரி நிற்கும். டிரைவரும் கிளீனரும் ரோட்டோரமே அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி சோதனை போயிற்று. 2021இல் குதிரான் சுரங்கப் பாதை திறந்தபின் கொச்சி ரோட்டில் இன்னும் நல்ல முன்னேற்றம். ஃபாஸ்டேக் வந்து டோல்கேட்டில் நிற்பதும் குறைந்தது.

இப்போது நேரம் போவது ரோட்டில் இல்லைங்க, லோடு ஏற்றும் இடத்தில். காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள், சரக்கு ரெடியாக ராத்திரி ஆகும். வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பகல் முழுக்கத் தூங்காமல் நின்ற டிரைவரை, கட்-ஆஃப் இருக்கிறது, விடியறதுக்குள் போய்விடு என்று விரட்டினால் அவனும் மனுசன்தானே? ரிட்டர்ன் லோடும் கிடைக்காமல் போகும். மாதத்தில் வண்டி எத்தனை நடை அடிக்கிறது என்பதில்தான் வாடகை குறைவதும் கூடுவதும். யூனிட்டில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள், நானே வாடகையைக் குறைக்கிறேன்.

கரூர், வீட்டு ஜவுளி:

எங்களுக்கு முழுப் பெட்டி நிறைவதே அபூர்வம். நாலைந்து பேர் சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் போடுவோம். அதில் ஒருத்தர் ஷிப்பிங் பில்லில், அதாவது கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவத்தில், ஏதாவது இடித்தால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். மேஜை விரிப்பு அனுப்பியவன், பக்கத்து பார்ட்டியின் கிச்சன் டவலுக்காகக் காத்திருக்க வேண்டும். திருப்பூர்காரர் சொன்ன நிச்சயம் எங்களை மாதிரி சிறியவர்களுக்கு இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. பெரிய கம்பெனி ஒரு ஏர் ஷிப்மென்ட்டைத் தாங்கும். நாங்கள் தாங்கமாட்டோம்.

திருப்பூர், ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் பிரிவு:

சங்ககிரி அண்ணன் சொன்னதை இன்று எங்கள் பேக்கிங் சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டினேன். அவரும் ஒத்துக்கொண்டார். இனிமேல் பையரின் கடைசி இன்ஸ்பெக்‌ஷனை வண்டி வரும் நாளுக்கு முந்தின நாளே முடித்துவிடுவது என்று பேசியிருக்கிறோம். ஷிப்பிங் பில்லும் எடைச் சீட்டும் அதற்கு ஏற்றாற்போல முன்கூட்டியே தயாராக வேண்டும், அது என் பொறுப்பு. கரூர் அண்ணா, நீங்கள் கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் துறைமுகம் வழியாக அனுப்பிப் பார்த்ததுண்டா? அங்கே காலிப் பெட்டி எளிதாகக் கிடைக்கிறதா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால், அடுத்த ஆர்டருக்குள் முதலாளியிடம் பேசிப் பார்ப்பேன்.