புதுப்பிப்பு: அம்மாவின் பாத எரிச்சல்
ராத்திரியில் அம்மாவுக்குப் பாதம் தீயாய் எரிகிறது, போர்வை பட்டாலே துடிக்கிறார், என்ன சத்து மாத்திரை கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் சொன்னபடி முதலில் ரத்தப் பரிசோதனை செய்தோம். வைட்டமின் பி12 ரொம்பவே குறைவு, அதனால் நரம்பு பாதித்துத்தான் இந்த எரிச்சல். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, அதுவும் அம்மா மாதிரி சுத்த சைவமாக இருந்தால், இது சகஜம்தான் என்றார் டாக்டர். பி12 ஊசி, கூடவே ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் (நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கிற ஒரு சத்து மாத்திரை) 600 மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில். எரிச்சல் முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது போர்த்திக்கொண்டு தூங்குகிறார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

அப்புறம், நரம்புக்கென்று விற்கிற மாத்திரை எதை வாங்கினாலும் அட்டையின் பின்பக்கம் பி6 எவ்வளவு என்று தயவுசெய்து பாருங்கள். அது அளவு மிஞ்சி மாதக்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து இதே எரிச்சலைக் கொண்டுவரும்.