பிரீமியர் லீக்கின் உரிமையாளர் தகுதித் தேர்வில் மனித உரிமை விதி இருந்தும் அரசு நிதி எப்படி நுழைகிறது?

கேள்வி: 2023 மார்ச்சில் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் தன் உரிமையாளர் தகுதித் தேர்வில் மனித உரிமை மீறலையும் தகுதியிழப்புக் காரணமாகச் சேர்த்தது. அப்படியானால் நியூகாசில் கிளப்பை சவுதி பொது முதலீட்டு நிதியம் எப்படி வைத்திருக்க முடிகிறது?

பதில் 1: ஓட்டை "யார் உரிமையாளர்" என்பதில்தான். 2021 அக்டோபர் 7-ல் 30.5 கோடி பவுண்டுக்கு விற்பனை முடிந்தது. அப்போது நிதியத்தின் பங்கு 80%. சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழியை லீக் வாங்கிக்கொண்டது. அதனால் சோதனை நிதியத்தோடு நின்றுவிட்டது, அரசைத் தொடவில்லை. ஆனால் 2023-ல் அமெரிக்காவில் நடந்த கோல்ஃப் வழக்கில் அதே நிதியம் தன்னை இறையாண்மை அரசின் அங்கம் என்றது. நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல்-ருமையானை பதவியிலுள்ள அமைச்சர் என்றும் சொன்னது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

பதில் 2: புதிய விதி பிரிட்டனின் 2020 மனித உரிமைத் தடை விதிமுறைகளின் (மீறியவர்கள் மீது அரசு தடை விதிக்க உதவுபவை) வரையறையைத்தான் எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் பிரிட்டன் அரசு யாரைத் தடை செய்கிறதோ அவர்தான் சிக்குவார், நட்பு நாடு சிக்காது என்றே நினைக்கிறேன். இந்த விதிக்கு முன்பே, 2022 மார்ச் 10-ல் செல்சி கிளப்பின் அப்போதைய ரஷ்ய உரிமையாளர் அப்ரமோவிச் பிரிட்டனின் தடைக்குள்ளானார். இரண்டே நாளில் லீக் அவரைத் தகுதியிழக்கச் செய்தது. அதே 12-ம் தேதி சவுதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. மறுநாள் செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சி–நியூகாசில் ஆட்டம்! நியூகாசில் பக்கம் எந்த நடவடிக்கையும் இல்லை. எனக்கு இது வெட்கக்கேடாகவே படுகிறது.

பதில் 1: கூடுதலாக ஒன்று. பிரிட்டனின் கால்பந்து நிர்வாக மசோதாவின் முதல் வடிவம், உரிமையாளரை மதிப்பிடும்போது பிரிட்டன் அரசின் வெளியுறவு, வர்த்தகக் கொள்கைகளையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. 2024-ல் அதை நீக்கினார்கள். 2025 ஜூலையில் மசோதா சட்டமானது. இனி கேட்க வேண்டிய இடம் அந்தச் சட்டம் உருவாக்கிய சுதந்திர ஒழுங்குமுறை அமைப்புதான்.