வாக்கர், ஃபுல்லர், டக்கர்: குடும்பப்பெயர் ஆய்வுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். நெய்து முடித்த கம்பளித் துணியை நீரிலும் களிமண்ணிலும் (நம் கடைகளில் கிடைக்கும் முல்தானி மிட்டியின் இனம்) ஊறவைத்து, எண்ணெய்ப் பசை நீங்கி இழைகள் இறுகும்வரை காலால் மிதித்தவர்களுக்கு, இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன் உள்ளிட்ட தென்மேற்கில் டக்கர் என்று பெயர் அமைந்தது. 12ஆம் நூற்றாண்டு முதல் நீராலைகள் இவ்வேலையை ஏற்கத் தொடங்கிய பின்னரும் பெயர்கள் மட்டும் நிலைத்து, தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது.

1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில், குறிப்பாக யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதிக்குரிய 1379 பட்டியலில், சிலருடைய தொழிலும் பெயருடன் பதிவாகியுள்ளது. வாக்கர் என்ற பெயருடையவர் அத்தொழிலையே செய்தாரா, அல்லது அது அதற்குள் பரம்பரைப் பெயராகிவிட்டதா என்பதை அதிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது?

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் திருச்சபைப் பதிவேடுகள் 1538இல்தான் தொடங்குகின்றன. இடைப்பட்ட காலத்தில் ஒரு குடும்பத்தைத் தொடர, பண்ணை நீதிமன்றச் சுருள்களும் (நிலப்பிரபுக்கள் தம் பண்ணைகளில் நடத்திய நீதிமன்றங்களின் பதிவுகள்) 1524–25 வரிப் பட்டியல்களும் எந்த அளவுக்குத் துணைபுரியும்? இடைக்கால லத்தீன் ஆவணங்களைப் படித்துப் பழகியவர்கள், எதிலிருந்து தொடங்கலாம் என்று வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.