பிரஸ்ஸில் தம்பிக்கு இரண்டு விரல் போய்விட்டது: போலீஸா, லேபர் ஆபீஸா?

கொரட்டூர்வாசி:
தம்பிக்கு 30 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டர் மூலமாக பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டுகிறான். சம்பளம் 23,000, ஈஎஸ்ஐ கிடையாது. போன மாதம் நைட் ஷிப்டில் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. 50,000 தருகிறோம், இனி கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்கிறார்கள். போலீஸுக்குப் போனால் அதுவும் கிடைக்காதாம். உண்மையா?

பழைய சேஃப்டி ஆபீசர்:
இல்லைம்மா. கையெழுத்து மட்டும் போட வேண்டாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் காகிதம் செல்லாது. ஆனால் அதைக் காட்டியே இழுத்தடிப்பார்கள்.

போலீஸ் வழக்கு தண்டனைக்காக. கவனக்குறைவால் கொடுங்காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும். நஷ்டஈடு தனி, அதை லேபர் ஆபீஸ் வழியாகக் கேட்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த ஏற்பாடு அது, 2020ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வேலையில், வேலையால் காயம் என்று காட்டினால் போதும், முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் கம்பெனியிடம் கேட்கலாம்.

கணக்கு பாருங்கள். 23,000 வாங்கினாலும் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கு ஏற்ப எதால் பெருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு காரணி உண்டு; 30 வயதுக்கு அது 207.98, பெருக்கினால் 18,71,820. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் 20 சதவீதம். ஆக 3,74,364 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீதம் வட்டியும் உண்டு. இதற்குப் போய் 50,000 என்கிறார்களே, வயிறு எரிகிறது.

கொரட்டூர்வாசி:
நன்றி சார். ஆனால் கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை அவனே ஆஃப் செய்தான் என்கிறார்கள்.

பழைய சேஃப்டி ஆபீசர்:
இதுதான் முக்கியம். உயிரிழப்போ முழு ஊனமோ இல்லாத காயத்தில், பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே, வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி காட்டிவிட்டால் நஷ்டஈடு கிடைக்காது. வெறும் அஜாக்கிரதை அதற்குப் போதாது. எத்தனையோ பிரஸ் ஷாப்பில் பார்த்துவிட்டேன்: உற்பத்தி குறையக் கூடாது என்று சூப்பர்வைசர்தான் சென்சாரை பைபாஸ் செய்யச் சொல்வார், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மெஷின் ஓடும் என்று வைத்த பட்டன்களில் ஒன்றை டேப் ஒட்டி அழுத்தியே வைத்திருப்பார்கள். யார் செய்யச் சொன்னது, எத்தனை நாளாக அப்படி ஓடியது என்று அதே ஷிப்ட் ஆட்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நாள் ஆக ஆக ஆட்கள் பேசப் பயப்படுவார்கள்.

தொழிற்பேட்டை:
சிவில் கோர்ட்டில் போட்டால் இன்னும் அதிகம் கிடைக்குமே?

பழைய சேஃப்டி ஆபீசர்:
கிடைக்கலாம். ஆனால் அங்கே முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஓடும். இரண்டு வழியிலும் ஒரே காயத்துக்குக் கேட்க முடியாது. இந்தக் குடும்பத்துக்கு லேபர் ஆபீஸ்தான் சரி.

தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை இருக்கிறது. உங்கள் ஏரியாவில் நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரி யார் என்று அங்கே கேளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்டும் கையில் இருக்கட்டும்.