கறுப்பு நாயின் முடி ஓரத்தில் பச்சை: கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் எப்படி நீக்குவது?

எங்கள் கறுப்பு நாயைப் புல்வெளியில் எடுத்த படம். பின்னணியை வெளிர் சாம்பலாக மாற்றினால், முடியின் ஓரமெல்லாம் புல்லின் பச்சை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காதிலும் வாலிலும்தான் ரொம்ப மோசம்.

கிம்ப் 2.10, விண்டோஸ் 10. ஃபோனில் எடுத்த 12 மெகாபிக்சல் ஜேபெக். கற்க ஆரம்பித்து 3 வாரம்.

முதலில் ஃபஸ்ஸி செலக்ட் (ஒத்த நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி). முடியோடு நிழலும் சேர்ந்து வந்தது. அப்புறம் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் (முன்னால் இருப்பதைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் கருவி). முடி நன்றாகவே பிரிந்தது, பச்சை மட்டும் போகவில்லை. தேர்வை 2 பிக்சல் சுருக்கினால் மெல்லிய முடிகள் வெட்டுப்பட்டு, கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடுகிறது. ஃபெதர் (தேர்வின் ஓரத்தை மென்மையாக்குவது) கொடுத்தால் மங்கல். வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்கில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தும் ஒரு காதுதான் முடிந்தது.

அவன் இப்போது இல்லை. வேறு படம் எடுக்க வழியில்லை.

முடியை வெட்டாமல் அந்தப் பச்சையை மட்டும் எப்படி எடுப்பது?