பூங்காவில் பார்த்ததில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது? எழுதுங்கள்

மாலைநடை

ஆள்காட்டிக் குருவி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும். எங்கள் பூங்காவில் திடலுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஜல்லி கொட்டிய இடத்தில் முட்டை வைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. நான்கு முட்டை, கூர்முனை உள்பக்கமாக, ஜல்லியோடு ஜல்லியாகக் கிடந்தன. ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விஷயம் அது இல்லை. நல்ல வெயில். அந்தக் குருவி எழுந்து குளத்துக்கு வந்தது. குடிக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. தண்ணீரில் நின்று வயிற்றை மட்டும் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தது. நெஞ்சு இறகெல்லாம் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அப்படியே ஈரம் சொட்டத் திரும்பிப் போய் முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. சூட்டில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க இப்படிச் செய்யுமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தடவை அது குளத்துக்குப் போயிருந்தபோது ஒரு குடும்பம் வந்து முட்டைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தது. குருவி திரும்பி வந்து தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அவர்கள் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் முட்டையைத் தேட ஓடும். போய், "இங்கே கட்டெறும்பு ஜாஸ்தி, அந்த மர நிழலுக்குப் போயிடுங்க" என்று சொன்னேன். எழுந்து போய்விட்டார்கள். பச்சைப் பொய். சொன்னது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கொன்றைப்பூ

எங்கள் பூங்காவில் ஒரு காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குஞ்சு நன்றாக வளர்ந்து, கிளைக்குக் கிளை தத்திப் பின்னாலேயே போய் வாயைப் பிளக்கிறது. காகம் மூச்சுவிட நேரமில்லாமல் கொண்டுவந்து திணிக்கிறது. அதே நேரத்தில் மேல் கிளையிலிருந்து ஒரு ஆண் குயில் அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. முட்டையைக் காக்கைக் கூட்டில் போட்ட பெண் குயிலின் ஜோடி அதுதானா, யாருக்குத் தெரியும்? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. இயற்கை அப்படித்தான் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம், தெரியும்.

பழைய பெஞ்சு

மாலைநடை சார், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் பக்கமும் ஆள்காட்டி உண்டு, குஞ்சுகள் பதுங்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் நீங்கள் செய்தது தப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகளே காவல் இருந்திருப்பார்கள். பூங்கா எல்லோருக்கும் பொது. "இங்கே பறவை அடைகாக்கிறது" என்று ஒரு அட்டை எழுதிக் குச்சியில் கட்டி நட வேண்டும். சுற்றி நாலு கல்லை அடுக்கி, மேலே ஓலை சாய்த்து நிழல் பண்ணிக் கொடுக்கலாம். நடைக்கு வருபவர்களிடம் முறை போட்டுக் கொடுத்தால் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பார்த்துக்கொள்ளலாம். பூங்கா நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். எறும்பு, பூரான் என்று ஆளை விரட்டிக்கொண்டிருந்தால் விழிப்புணர்வு எப்போதுதான் வரும்?

மாலைநடை

அட்டை நட்டால் அட்டையைப் பார்க்க நாலு பேர் வருவார்கள் சார். ஆள் நிற்கிற வரைக்கும் தாய் வந்து உட்காராது. முட்டை வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓலை எல்லாம் அது கேட்டதா?

இலைமறை

நான் எறும்புக் கட்சி. எங்கள் பூங்காவில் வேலியோரச் செடியைத் தோட்டக்காரர் ஒரே மட்டமாகக் கத்தரித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கத்தரி நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் தையல்சிட்டு. இலையின் இரண்டு ஓரத்தையும் மடக்கி, ஓரமாகத் துளை போட்டு, பஞ்சு நூலையும் சிலந்தி வலை இழையையும் இழுத்துக் கோத்திருக்கிறது. நூல் நுனி வெளியே சின்ன முடிச்சு மாதிரி பொங்கி நின்றது. உள்ளே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குஞ்சுத் தலை. அவர் அந்த இடத்தைத் தொடவே இல்லை. வேலி முழுக்கச் சமமாக இருக்க, அங்கே மட்டும் ஒரு புதர் தலைதூக்கி நின்றது. ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் கத்தரி மழுங்கிவிட்டது என்பார். மேலதிகாரியிடமும் அதே பதில்தான்.

சருகு

உண்மையைச் சொன்னவன் கதையையும் கேளுங்கள். பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் பின்னால் சருகில் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நின்றன. முக்கால் உடம்பு தரையில் புரள, தலை இரண்டும் மேலே போய் ஒன்றை ஒன்று கீழே அமுக்கப் பார்க்கிறது. விழும், உடனே மறுபடி எழும்பும். சருகு நொறுங்குகிற சத்தம் தூரத்துக்குக் கேட்டது. கூட்டம் கூடிவிட்டது. "சாரையும் நல்லதும் சேருது" என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் விளக்கினேன்: இரண்டுமே சாரை, இரண்டும் ஆண், நடப்பது மல்யுத்தம், சாரைக்கு விஷமும் கிடையாது. ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லை. ஒரு பையன் கட்டையோடு வந்துவிட்டான். அப்போது ஒரு பெரியவர், "அதை அடிச்சா இங்க எலித் தொல்லை தாங்காதுடா தம்பி" என்றார். பையன் கட்டையைக் கீழே போட்டான். என் உயிரியல் பட்டம் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

பழைய பெஞ்சு ஐயா, அட்டையில் என்ன எழுதுவீர்கள்?

பொந்து

புள்ளி ஆந்தை. பட்டப்பகல். பொந்திலிருந்து தலையை நீட்டி, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி முறைத்தது. நான் ஒரு அடி வைத்தால் ஆட்டம், நின்றால் முறைப்பு. ரொம்ப நேரம் இருவரும் அப்படியே நின்றோம்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன், போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 8x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், காட்சிப் பரப்பும் சுருங்கும். கண்ணாடி போடுகிறவர்கள், கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். வாங்கியதும் இடது கண், வலது கண் தனித்தனியாகக் குவியம் சரிசெய்யப் பழகுங்கள், பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்துக்கொண்டு, பார்வையை நகர்த்தாமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இரவில் ஃபிளாஷ் அடித்து ஆந்தையை எடுப்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம், பொந்து எந்த மரத்தில் என்று கேட்டு எனக்குத் தனிச்செய்தி வருகிறது. சொல்ல மாட்டேன்.